இணைப்பெழுத்தில் நூற்றுக்கு நூறு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழி கற்றுத்தரும் ஒரு பயிற்சி மையத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன்.

2. அங்கே இணைப்பெழுத்துத் தேர்வு என்று ஒன்று நடந்தது. அதை நடத்தும் பொறுப்பு என்னுடையது.

3. அந்தத் தேர்வில் மூன்றாவது முறையும் தவறினால் மாணவியின் பெயர் நீக்கப்படும். கோமதி என்ற பெண் அப்படி நீக்கப்பட்டே ஆக வேண்டும் என்று நான் பாடுபட்டேன். அவள் நன்மைக்காக.

4. பிறகு ராஜினாமா கொடுத்தேன். ஏற்கவில்லை. எங்கள் மையத்தில் இதுவரை யாரும் ராஜினாமா செய்ததில்லை என்பது ஒரு பெருமை. அதை நான் கெடுக்கக் கூடாது.

5. ஆகவே முப்பத்து மூன்று வயதில் எனக்குப் பணி ஓய்வு அளித்தார்கள். சால்வை, மாலை, கேசரி, குரூப் போட்டோ எல்லாம் முறைப்படி நடந்தன.

இப்போது அந்தத் தேர்வை மொபைல் செயலிக்கு மாற்றுகிறார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கும் ஷர்மிளா போனில் கூப்பிட்டாள். “மேடம், ஆப்ல ஆன்சர் கீ ஏத்தணும். இந்த வார்த்தையெல்லாம் எந்த புக்லேர்ந்து எடுத்ததுனு சார்கிட்ட கேட்டேன். அது பரம்பரையா வருதுன்றாரு.” ஏழு வருடத்தில் ஒரு பரம்பரை உருவாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே எழுதி வைத்திருப்பேன்.

இணைப்பெழுத்து என்றால் என்ன என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஜெர்மன்காரர்கள் இரண்டு பெயர்ச்சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். ஒட்டும்போது நடுவில் சில சமயம் ஓரிரு எழுத்துகள் வந்து உட்காரும். குழந்தைக்கு ‘கிண்ட்’, தோட்டத்துக்கு ‘கார்ட்டன்’. இரண்டையும் சேர்த்தால் ‘கிண்டர்கார்ட்டன்’. நடுவில் ‘எர்’ வந்துவிட்டது. சில சொற்களில் ‘எஸ்’ வரும், சிலவற்றில் ‘என்’ வரும், சிலவற்றில் ஒன்றுமே வராது. நமக்கும் இது புதிதில்லை. புளியோடு மரம் சேர்ந்தால் புளியமரம். காய் சேர்ந்தால் புளியங்காய். குழம்பு சேர்ந்தால் புளிக்குழம்பு. இதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாயில் வருகிறது. ஜெர்மனும் அப்படித்தான். பெரும்பாலும் இப்படி இருக்கும் என்று சொல்லலாமே தவிர, எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. தப்பாகச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். யாரும் சாகமாட்டார்கள்.

நான் படித்தது கணினிப் பொறியியல். சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலை. வாடிக்கையாளர் ஜெர்மன்காரர் என்பதால் பிழைச் செய்திகளெல்லாம் ஜெர்மனில் வந்தன. அவற்றைப் படிப்பதற்காக மொழி கற்றேன், மேல்நிலைத் தேர்வு வரை எழுதினேன், ஊர் திரும்பினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதில் சுவாரசியமாக ஒன்றும் நடக்கவில்லை.

சுவாரசியம் டைரக்டர் சாரிடமிருந்து தொடங்குகிறது.

குணசேகரன் சாருக்கு ஜெர்மன் தெரியாது. அது ஒரு குறை என்று அவருக்கோ மாணவிகளின் பெற்றோருக்கோ ஒருநாளும் தோன்றியதில்லை. மையம் தொடங்குவதற்கு முன் அவர் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு டியூஷன் சென்டர் நடத்தியவர். ஊரில் பாதிப் பேரை அவர்தான் பாஸ் பண்ண வைத்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் செல்போன் கடைக்காரர், கண்டக்டர், வங்கி ஊழியர் என்று வழியெல்லாம் அவருக்கு வணக்கம் விழும். நேர்காணலில் நான் மெதுவாகக் கேட்டேன், “சார், உங்களுக்கு ஜெர்மன்...?”

“ஏம்மா, கெமிஸ்ட்ரி தெரிஞ்சா கெமிஸ்ட்ரில சென்டம் வாங்க வச்சேன்?” என்றார். வேலையில் சேர்ந்தேன்.

வகுப்பு நடக்கும்போது அவர் வாசலில் நிற்பார். ஒரு கால் செருப்போடு வெளியே, இன்னொரு கால் வெறுங்காலாக உள்ளே. கண்ணை மூடிக் கேட்பார். ஆசிரியர் மூச்சு வாங்க நிறுத்தினால் கண்ணைத் திறக்காமலே, “மேல” என்பார். மாணவிகளிடம் பேசி முடிக்கும்போதெல்லாம் ஒரே வாக்கியம்: “புரிஞ்சா சந்தோஷம். புரியலனா மனப்பாடம் பண்ணிக்கோ.” கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எல்லா மாணவிகளையும் ‘நம்ம பொண்ணு’ என்பார். அதை மனதாரத்தான் சொன்னார். இந்தக் கட்டுரையில் அவரை எங்காவது கெட்டவராகக் காட்டியிருந்தால் அது என் எழுத்தின் பிழை. கெட்டவராக இருந்திருந்தால் சமாளிப்பது சுலபம்.

முதல் பேட்ச் படித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மனியிலிருந்து ஒரு மருத்துவமனை அதிகாரி வந்தார். மாணவிகள் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரவேற்பு எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லின் நடுவில் இணைப்பெழுத்து விட்டுப்போயிருந்தது. அதிகாரி பலகைப் பக்கம் திரும்பினார், புன்னகைத்தார். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு அவர் தட்டிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று எனக்குத் தெரியாது. டைரக்டர் சாருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“வித்யாம்மா, அந்த நடு எழுத்துக்கு இன்னா ரூலு?”

“முழுசா ரூல்னு ஒண்ணு கிடையாது சார். பழக்கத்துல வரும்.”

“ரூல் இல்லாத பாடம் உலகத்துலயே இல்ல. யாரும் டேபிள் போடல, அவ்ளோதான். நீங்க போடுங்க.”

“ஒரே கிண்ட்டுக்கே நாலு விதம் இருக்கு சார். தோட்டத்தோட சேர்ந்தா ஒண்ணு, நலனோட சேர்ந்தா ஒண்ணு, தலையோட சேர்ந்தா ஒண்ணு, படுக்கையோட சேர்ந்தா ஒண்ணுமில்ல.”

“அப்போ கிண்ட்டுக்குத் தனி டேபிள்” என்றார்.

அட்டவணை தயாரானது. பக்கத்துக்குப் பக்கம் மேலே ‘பெரும்பாலும்’ என்று நான் தட்டச்சு செய்திருந்தேன். அச்சுக்குப் போவதற்கு முன் அதை அவர் அடித்துவிட்டார். மாணவிகள் ‘பெரும்பாலும்’ என்பதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அது நியாயமான பயம்தான்.

அட்டவணை இருந்தால் தேர்வு வேண்டும். தேர்வு நடந்த முறையை அப்படியே தருகிறேன். செயலியில் இதையெல்லாம் எப்படி ஏற்றுவார்கள் என்று எனக்கு ஆவலாக இருக்கிறது.

வினாத்தாள் கட்டை முந்தின நாள் நான் உறையில் போட்டு ஒட்டித் தருவேன். தேர்வன்று காலை டைரக்டர் சார் அதைப் பெரிய கோயிலுக்கு எடுத்துப்போய் அர்ச்சனை செய்துகொண்டு வருவார். அர்ச்சனை மையத்தின் பெயருக்கு, நட்சத்திரம் ரோகிணி. மையம் திறந்த நாளின் நட்சத்திரம் அது. உறையின் மேல் விபூதி பூசியிருக்கும். மாணவிகள் பெஞ்சுக்கு ஒருவராக உட்காருவார்கள். ஜோடி ஜோடியாக நூறு கேள்விகள். ஒவ்வொரு ஜோடியையும் ஒட்டிச் சரியான எழுத்தைப் போட வேண்டும். அரை மதிப்பெண் கிடையாது. நான் திருத்துவேன். மறுநாள் அவர் எல்லோர் முன்னாலும் வாசிப்பார், குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி. நூறு வாங்கியவர்கள் மட்டும் சென்னையில் நடக்கும் உண்மையான மொழித் தேர்வுக்கு அனுப்பப்படுவார்கள். மற்றவர்கள் ‘நிறுத்திவைப்பு’. மூன்று முறை நிறுத்திவைக்கப்பட்டால் ‘பெயர் நீக்கம்’. கையில் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

உண்மையான தேர்வில் இணைப்பெழுத்துக்கென்று தனியாக ஒரு கேள்வியும் கிடையாது. அதையும் சொல்லியிருக்கிறேன். “அங்க கேக்கலனா இன்னா, நாம கேப்போம்” என்றார்.

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்குக்கூட இது புதிதாக இருக்காது. சுமாராகப் படிக்கும் பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பிலேயே வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் வைப்பதை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அதே வழக்கம் எங்கள் மையத்தில் கடல் தாண்டியது. எங்கள் பேனரிலும் எப்போதும் நூறுதான். தேர்வுக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் பாஸ். அனுப்பப்படாதவர்கள் பேனரில் இல்லை.

ரெனாத்தே அம்மா வந்தது இந்தச் சமயத்தில்தான். பவேரியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துக்கு அருகில் வாடகை அறையில் தங்கி, சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். தெருவில் அவர் ‘ரேணு அம்மா’. தமிழில் அவருக்கு நன்றாக வந்தது ஒரே வாக்கியம்: “டீ ஒண்ணு, சக்கரை கம்மி.” டைரக்டர் சார் அவரை ஒரு தேர்வு நாளில் சிறப்பு விருந்தினராக அழைத்தார். பொன்னாடை போர்த்தினார். மேடையில் சும்மா உட்கார்ந்திருக்க அலுப்பாக இருந்ததால் ரெனாத்தே அம்மாவும் ஒரு வினாத்தாளை வாங்கி எழுதினார். நானும் கட்டோடு சேர்த்துத் திருத்திவிட்டேன்.

எண்பத்தெட்டு.

தென் ஜெர்மனியில் ஒரு மாதிரி சொல்வார்கள், வடக்கில் வேறு மாதிரி. பன்றி வறுவலுக்கு அவர் ஊரில் ‘எஸ்’; எங்கள் விடைக்குறிப்பில் ‘எ’. அதில் ஒரு மதிப்பெண் போயிற்று. அவர் பல வருடமாகச் சைவம் என்பதைக் கணக்கில் எடுக்க விடைக்குறிப்பில் வழியில்லை. இன்னும் சில கேள்விகளில் எதுவானாலும் சரிதானே என்று இரண்டையும் எழுதியிருந்தார். அதற்கும் மதிப்பெண் கிடையாது.

டைரக்டர் சார் விடைத்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “பாவம், தாய்மொழியில வீக்கா இருக்காங்க” என்றார்.

“அவங்க பேசறதுதான் சார் ஜெர்மன்.”

“பேச்சு வேற, எக்ஸாம் வேறம்மா. நம்ம ஊர்ல தமிழ்ல ஃபெயிலானவன் இல்லியா? அவன் தமிழ்லதான பேசறான்?” விடைத்தாளைக் கட்டில் திரும்ப வைத்தார். “சாயந்தரம் ரெமிடியல் கிளாஸ் இருக்குல்ல, வரச் சொல்லுங்க. சங்கடப்பட வேணாம்னு சொல்லுங்க.”

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ரெனாத்தே அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் மாலை பென்சில், ரப்பரோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கோமதி.

கோமதி அடி அண்ணாமலைப் பெண். அப்பா கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறார். செவிலியர் பட்டம் வாங்கி, ஊரிலேயே தனியார் மருத்துவமனையில் மூன்று வருடம் இரவுப் பணி பார்த்து, அதை விட்டுவிட்டு எங்களிடம் சேர்ந்தவள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் அவளை இணையவழி நேர்காணல் செய்து வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: டிசம்பர் முடிவதற்குள் மொழிச் சான்றிதழ் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

இணைப்பெழுத்துத் தேர்வில் அவள் இரண்டு முறை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாள்.

அவளுக்குப் படிப்பு வராமல் இல்லை. அட்டவணை மனப்பாடமாக இருந்ததுதான் சிக்கல். பேசும்போது ஒவ்வொரு கூட்டுச்சொல்லின் நடுவிலும் நின்று, மனதுக்குள் பக்கம் புரட்டி, எழுத்தைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டு மேலே போவாள். ‘இரத்த அழுத்தம்’ என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்கு அது ஏறிவிடும்.

ரெமிடியல் வகுப்பில் அட்டவணையை உரக்க வாசிக்க வேண்டும் என்பது உத்தரவு. முதல் நாள் அரைப் பக்கம் வாசித்ததும் ரெனாத்தே அம்மா கொட்டாவி விட்டார். “உனக்கு என்ன வேலை தெரியும்?” என்று கோமதியைக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி, படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று சொல்லத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் ரெனாத்தே அம்மா பெஞ்சின் மேலேயே படுத்துக்கொண்டார். “என்னைப் புரட்டிக் காட்டு. என்ன செய்கிறாய் என்று சொல்லிக்கொண்டே செய்.” கோமதி இரண்டு கையாலும் அவரைப் பிடித்திருந்ததால் மனதுக்குள் பக்கம் புரட்ட அவகாசம் இல்லை. சொற்கள் வந்தன. சிலவற்றில் எழுத்து சரி, சிலவற்றில் தப்பு. ரெனாத்தே அம்மா எதையும் திருத்தவில்லை. தப்பு அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தோள்பட்டை வலிக்கிறது என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அதை மருத்துவர் ஒருவருக்குச் சொல்வதுபோல் கோமதி விவரித்தாள்.

வாசலில் ஒரு செருப்புக் கால் தெரிந்தது. “டேபிள் ஓடுதா?” என்றார் டைரக்டர் சார்.

“ஓடுது சார்” என்றேன். ஏதோ ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஐப்பசி பாதியிலேயே கோமதி சென்னைத் தேர்வுக்குத் தயாராகிவிட்டாள். நான் தேர்வு எழுதியவள், எனக்குத் தெரியும். கார்த்திகைத் தொடக்கத்தில் சென்னையில் ஒரு தேர்வு இருந்தது, இடமும் இருந்தது. அதை எழுதினால் சான்றிதழ் டிசம்பருக்குள் வந்துவிடும். ஆனால் எங்கள் மையம் யாரையும் தனியாக அனுப்புவதில்லை. பேட்ச் முழுவதும் ஒன்றாகத்தான் போகும். அந்த பேட்ச் எப்போது போகும் என்று கேட்டேன்.

“தீபம் வருதுல்ல, தீபத்துக்கு அப்புறம்” என்றார். எங்கள் ஊரில் எந்தக் கேள்விக்கும் இந்தப் பதில் பொருந்தும். கல்யாணம், குழாய் ரிப்பேர், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாமே தீபத்துக்கு அப்புறம்தான். “தீபம் முடிஞ்சா மார்கழி. மார்கழில பொண்ணுங்களை அனுப்ப மாட்டேன். தை பொறக்கட்டும்.”

“கோமதிக்கு டிசம்பர் கடைசியோட இடம் போயிடும் சார்.”

“வேற இடம் பாத்துக் குடுக்கறேன். நம்ம பொண்ணும்மா அது. நான் வுட்ருவனா?”

அவளே தனியாக விண்ணப்பிக்கலாம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழ்களும் மையத்தின் பீரோவில் பத்திரமாக இருந்தன. சேரும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டு சந்தர்ப்பத்தில்தான் திரும்பக் கிடைக்கும். ஒன்று, விசா வந்தால். இன்னொன்று, பெயர் நீக்கப்பட்டால்.

கோமதியின் அப்பா வந்து கேட்டுப் பார்த்தார். டைரக்டர் சார் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, தைரியம் சொல்லி, வெறுங்கையோடு அனுப்பினார். அடுத்த நாள் நான் கிரிவலப் பாதைக்குப் போனேன். அவர் இளநீர்க் குலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“பாஸ்போர்ட்டை அவர் வச்சிக்கறதே தப்புங்க. போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம்” என்றேன்.

“வேணாம்மா. எங்க பெரியவன் மூணு தபா ஃபெயிலானவன். அவன பத்தாவது பாஸ் பண்ண வச்சது அவருதான். இன்னிக்கு அவன் டிப்போல வேலைல இருக்கான். எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவரு மேல எழுதிக் குடுக்கறது?”

“அப்போ ஒரே வழிதான் இருக்கு. மூணாவது தடவையும் இவ ஃபெயிலாகணும். டி.சி. கையில வரும். கூடவே பாஸ்போர்ட்டும்.”

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். “எங்க வூட்ல பாஸாக்கறதுக்கு டியூஷன் வச்சிருக்கோம். ஃபெயிலாக்கறதுக்கு டீச்சர் வூடு தேடி வந்தது இதான் மொத தபா.”

கோமதி சிரிக்கவில்லை. “தெரிஞ்சே தப்பா எழுதச் சொல்றீங்களா மிஸ்? அது என்னால ஆவாது. பேஷன்ட் சார்ட்ல ஒரு நம்பர் தப்பா எழுதினதில்ல நான்.”

“தப்பா எழுதச் சொல்லல. டேபிளை மறந்துட்டு, ரேணு அம்மாகிட்ட பேசற மாதிரி எழுது.”

“அதுக்கு நூறு வந்துட்டா?”

“அவங்களுக்கே வரலயே.”

அவள் யோசித்தாள். “டி.சி. வாங்கிக்கினு போயி, அங்க நெசமாவே ஃபெயிலாய்ட்டா? இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. திரும்பி அந்த ஆஸ்பத்திரி நைட் டூட்டிக்குத்தான் போவணும்.”

அதற்கு நான் உறுதி எதுவும் தரவில்லை, தர முடியாது. அந்த ஆபத்து முழுக்க அவளுடையது. “நீதான் சொல்லணும்” என்றேன். அப்பா ஒரு இளநீரைச் சீவி அவள் கையில் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு, “எழுதறேன் மிஸ்” என்றாள். “என் பேர்ல என் எழுத்து. வர்றது வரட்டும்.”

மூன்றாவது தேர்வில் கோமதி தொண்ணூற்றாறு வாங்கினாள்.

இவ்வளவு நெருங்கி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதிப்பெண் பட்டியலோடு டைரக்டர் சார் அறைக்குப் போனேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. அன்று காலையில்தான் அந்த முதியோர் இல்லத்திலிருந்து கோமதியை விசாரித்துத் தொலைபேசி வந்திருந்தது.

“நாலு மார்க்குதானம்மா. கிரேஸ் மார்க் போட்டுக்கலாம்” என்றார்.

என் ஏழு வருட வேலையில் மிக ஆபத்தான நொடி அதுதான். கிரேஸ் மார்க் கிடைத்தால் அவள் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றால் பேட்ச். பேட்ச் என்றால் தை. அவர் கருணையால் அவள் இடம் போய்விடும்.

“அப்படின்னா இப்பவே தனியா அனுப்பிடுவீங்களா சார்?”

“அது எப்படி? தைலதான்.”

“போன பேட்ச்ல தமிழரசியை ஒரே ஒரு மார்க்குல நிறுத்தி வச்சீங்க சார். அவங்க அம்மா இதே நாற்காலில உக்காந்து அழுதாங்க. இவளுக்குப் போட்டா அவங்க வந்து கேப்பாங்களே.”

அவர் பேனாவை மூடித் திறந்தார்.

“அன்னிக்கு அந்தம்மாகிட்ட நீங்க சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு சார். ‘ரூல்ல ஒரு ஓட்டை போட்டா, அப்புறம் அது ரூல் இல்ல, சல்லடை’னு சொன்னீங்க.”

“நானா சொன்னேன்?”

“நீங்கதான் சார்.”

“நல்லாத்தான் சொல்லியிருக்கேன்” என்றார். கொஞ்ச நேரம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு டி.சி. புத்தகத்தை எடுத்தார். கையெழுத்துப் போடும்போது உண்மையாகவே வருந்தினார். நடத்தை என்ற இடத்தில் ‘மிக மிக நன்று’ என்று எழுதினார். பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் எடுத்து, தேர்வன்று கோயிலிலிருந்து வந்த விபூதிப் பொட்டலத்தையும் மேலே வைத்துக் கொடுத்தார்.

“எங்க போனாலும் நம்ம பேர்ல எழுதக் கூடாதுனு சொல்லிடுங்க. நூறு சதவீதம் கெட்டுடும்.”

“சொல்லிட்டேன் சார். அவ பேர்லதான் எழுதுவா.”

கார்த்திகைத் தொடக்கத்தில் கோமதி சென்னைக்கு பஸ் ஏறினாள். வாய்மொழித் தேர்வில், வயதானவர்கள் தனியாக வாழ்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். இவள் கையை நீட்டி, எதிரே ஒருவர் படுத்திருப்பதுபோல் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறாள். எந்தச் சொல்லின் நடுவிலும் நிற்கவில்லையாம். எத்தனை எழுத்து தப்பாகப் போட்டாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் முடிவு வந்தது. பாஸ். சான்றிதழின் நகலை அன்றே அந்த இல்லத்துக்கு அனுப்பினோம். ‘மகிழ்ச்சி. விசா வேலையைத் தொடங்குகிறோம்’ என்று பதில் வந்தது.

இதோடு முடிந்திருந்தால் என் வேலை தொடர்ந்திருக்கும். ஆனால் செய்தி டைரக்டர் சாருக்கு எட்டியது. அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். ஓடி வந்தார்.

“பாத்தீங்களா வித்யாம்மா? பேரை எடுத்த ஒடனே ரோஷம் வந்துச்சு பாத்தீங்களா? அந்த ரோஷத்துலதான் பாஸ் பண்ணியிருக்கா. இத்தினி நாளு நமக்கு இது தோணலியே.” மேசையில் உட்கார்ந்து, பெயர் நீக்கத்தை ஒரு பயிற்சி முறையாகவே வைத்துவிடலாம் என்றார். யாரை எந்த மாதத்தில் நீக்கினால் ரோஷம் ஜாஸ்தியாக வரும் என்று ஓர் அட்டவணை வேண்டும். அதை நான் போட்டுத் தர வேண்டும். நீக்கப்பட்டுப் பாஸானவர்களைப் பேனரில் சேர்த்துக்கொள்ளலாம். பாஸாகாதவர்கள் ஏற்கெனவே நீக்கப்பட்டவர்கள்தானே.

ஓட்டை தேடிப் பார்த்தேன். அந்தத் திட்டத்தில் ஓட்டையே இல்லை. அன்று மாலை ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதற்குப் பிறகு நடந்தது மேலே நான்காவது, ஐந்தாவது எண்களில் இருக்கிறது.

ஷர்மிளாவுக்கு என் பதில்: அந்த நூறு வார்த்தைகளும் எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்தவை அல்ல, நான் தட்டச்சு செய்தவை. விடைகள் பெரும்பாலும் சரி.

கோமதி இப்போது அந்த முதியோர் இல்லத்தில் காலைப் பணியில் இருக்கிறாள். செங்கம் சாலைப் பேனரில் அவள் படம் நடுவில் இருக்கிறது. மையத்தில் இணைப்பெழுத்துத் தேர்வு தொடர்கிறது. இந்த பேட்ச்சில் பதினொரு பேர், தங்களை எப்போது நீக்குவீர்கள் என்று டைரக்டர் சாரிடம் நேரில் கேட்டிருக்கிறார்கள். தீபத்துக்கு அப்புறம் என்று சொல்லியிருக்கிறார்.